ஒரு தகட்டின் வரலாறு
படுவான்கரையில் உழவு இயந்திரமும் பழுதுபார்ப்பு உழைப்பும்: கரடியனாற்றுப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஈழத்து விவசாய வரலாறு பற்றிய எழுத்துகளில் நிலம், நீர், வரி, குத்தகை, விலை ஆகியன பெற்றுள்ள இடம் பெரிது. கருவிகள் பெற்றுள்ள இடம் சிறிது. கருவிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றிலும் அவை எப்பொழுது வந்தன, எவ்வளவு வந்தன, எவர் வாங்கினர் என்பனவே பெரும்பாலும் கூறப்படுகின்றன. வந்த கருவி பழுதுபட்டபோது நிகழ்ந்தது யாது, அதனைத் திருத்தியவர் யாவர், எதனைக் கொண்டு திருத்தினர் எனும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. ஒரு கருவி இறக்குமதியாகும் நாள் ஒரே நாள். அது பயன்பாட்டிலிருக்கும் காலமோ நாற்பது அல்லது ஐம்பது ஆண்டுகள். அந்த நீண்ட காலத்தை விடுத்து அந்த ஒரு நாளை மட்டும் பதிவுசெய்யும் வரலாறு, வணிகரின் வரலாறாக அமையலாமேயன்றி உழைப்போரின் வரலாறாக அமையாது.

பிரித்தானிய வரலாற்றாசிரியரான டேவிட் எட்ஜேர்ட்டன் 2006இல் வெளியிட்ட நூலொன்றில் இதனையொத்த கருத்தொன்றை வலியுறுத்தினார். தொழில்நுட்பத்தின் வரலாறு கண்டுபிடிப்புகளின் கால அட்டவணையாக அமைதல் கூடாது, பயன்பாட்டின் வரலாறாக அமைதல் வேண்டும் என்பதும், பராமரிப்பும் பழுதுபார்ப்பும் அதன் மையத்தில் இடம்பெறல் வேண்டும் என்பதும் அவரது வாதம். வறிய நாடுகளைப் பொறுத்தவரை இவ்வாதத்தின் பொருத்தம் மேலும் அதிகமாகும். அந்நாடுகளின் வயல்களில் ஓடும் இயந்திரங்களிற் பல, அவற்றை உற்பத்திசெய்த தொழிற்சாலைகள் மூடப்பட்ட பின்னரும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இக்கட்டுரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள கரடியனாற்றுப் பிரதேசத்தை முன்வைத்து, பழைய உழவு இயந்திரமொன்றின் மிகச் சிறிய உறுப்பாகிய 'ஹெட் கஸ்கற்' எனப்படும் அடைப்புத் தகட்டின் வழியாக இவ்வினாவை அணுக முயல்கின்றது. ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு தகடு வரலாற்றுக்குரிய பொருளாகுமா என்று வினவப்படலாம். அத்தகடு கசிந்தவிடத்து ஒரு வட்டையின் விதைப்பே பிந்துமாயின், அது வரலாற்றுக்குரிய பொருளேயாகும்.

2

மட்டக்களப்பு மக்கள் தம் நிலத்தை ஞாயிற்றின் போக்கைக் கொண்டு இரண்டாக வகுத்துள்ளனர். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்தது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்தது படுவான்கரை. எழுவான்கரையில் ஊரும் சந்தையும் கல்விக்கூடங்களும் மிகுதி. படுவான்கரையில் நெல் மிகுதி. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில், ஏறாவூர்ப்பற்றுப் பிரிவில், கரடியனாறு அமைந்துள்ளது. உறுகாமம், கித்துள் முதலிய குளங்களை உள்ளடக்கிய முந்தனையாற்று வடிநிலத்தைச் சார்ந்த இப்பிரதேசத்தில் மாரிமழையை நம்பிய பெரும்போகமும், குளத்துநீரை நம்பிய சிறுபோகமும் பயிரிடப்படுகின்றன. நெற்பயிரையே 'வேளாண்மை' என்று சுட்டும் மட்டக்களப்பு வழக்கு, இம்மண்ணில் நெல் பெற்ற முதன்மையை உணர்த்தப் போதுமானது.

இயந்திரம் வருமுன் இங்கு நிலவிய உற்பத்தி உறவுகளைச் சுருக்கமாக நோக்குதல் அவசியம். நிலவுடைமையாளர் போடியார் எனப்பட்டார். வயலில் உழைப்போர் வயற்காரர். அவர்களுக்குத் தலைமை தாங்கி வேலையை நடத்துபவன் முல்லைக்காரன். நீர்ப்பங்கீட்டையும் வேலிக் கட்டுப்பாட்டையும் வட்டை விதானை கவனித்தார். சேற்றை மிதித்துப் பதப்படுத்துவதும், அறுத்த கதிரைக் களவெட்டியில் சூடு மிதிப்பதும் எருமைக் கடாக்களின் வேலை. கடாக்கள் சுற்றிவர நிகழ்ந்த அந்த இரவுவேலைக்கெனத் தனிச் சொல்வழக்கும், பொலிப் பாடல்களும் இருந்தன. மட்டக்களப்பின் இவ்வாழ்க்கை முறையை வி.சீ. கந்தையா 1964இல் வெளியான 'மட்டக்களப்புத் தமிழகம்' எனும் நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

எருமையை அடிப்படையாகக் கொண்ட இம்முறையை இலட்சிய நிலையாகக் காட்டுதல் தவறாகும். அறுவடையின் பெரும்பங்கு போடியாரைச் சேர்ந்தது. முற்பணமாகவும் நெல்லாகவும் பெற்ற கடன் வயற்காரரை அடுத்த போகத்துக்கும் பிணைத்தது. எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. அம்முறையின் கருவிகள் யாவும் அம்மண்ணுக்குள்ளேயே ஆக்கப்பட்டன, அங்கேயே திருத்தப்பட்டன. கலப்பை முறிந்தால் தச்சன் இருந்தான். கொழு தேய்ந்தால் கொல்லன் இருந்தான். கடா நோயுற்றால் மருந்தறிந்த மாட்டுக்காரன் இருந்தான். வயலை மீண்டும் தொடக்குவதற்கு எவரும் கடல்கடந்து கடிதம் எழுதவேண்டியிருக்கவில்லை.

3

கிழக்கிலங்கை விவசாயிகள் பெரும் இயந்திரங்களைப் பெருந்தொகையாகக் கண்டது கல்லோயாத் திட்டத்துடனாகும். 1949இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் இங்கினியாகலை அணையை மொறிசன்-நூட்சன் எனும் அமெரிக்க நிறுவனம் கட்டியது. அன்று அப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேயே. இதற்கு முன்னரே, 1948இல், நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் அறிமுகமாகியிருந்தது. நிச்சயமான விலை கிடைத்தமையால் நெல்லில் முதலிடக்கூடிய ஒரு பகுதியினர் தோன்றினர். 1950களிலும் 1960களிலும் போர்ட்சன் மேஜர், பேர்கசன், மசி பேர்கசன் ஆகிய பிரித்தானிய உழவு இயந்திரங்கள் உலர்வலய நெல்வயல்களில் இறங்கியமைக்கு இது முக்கியமான பின்னணியாகும்.

இரண்டாவது பின்னணி சட்டம் சார்ந்தது. பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் நிறைவேறிய 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு நிலைபேற்றை வழங்கவும், குத்தகையை வரையறுக்கவும், பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைக்கவும் முனைந்தது. ஆனால் குத்தகை விவசாயியை வெளியேற்றிவிட்டு நிலத்தைத் தாமே கூலியுழைப்பைக் கொண்டு பயிரிடுவதாகக் காட்டுதல், இச்சட்டத்திலிருந்து தப்புவதற்கு நிலவுடைமையாளர் கண்ட வழிகளுள் ஒன்றாயிற்று. பல ஏக்கர் நிலத்தைச் சில நாள்களில் உழுது முடிக்கும் இயந்திரம் அவ்வழியை எளிதாக்கியது. உழைப்பவனைக் காக்க வந்த சட்டமும் உழைப்பைக் குறைக்க வந்த இயந்திரமும் ஒரே காலத்தில் வயலுக்குள் வந்தமை தற்செயலான பொருத்தமாக இருக்கலாம். அவ்விரண்டில் எது வலுவாக வேரூன்றியது என்பதைத் தீர்மானித்தது தற்செயலன்று, நிலவுடைமையேயாகும்.

இவ்வியந்திரங்களுள் மசி பேர்கசன் 35, 135 ஆகிய இரண்டும் தனித்துக் குறிப்பிடத்தக்கன. முன்னையது 1957இல் அறிமுகமாயிற்று. பின்னையது 1964ஆம் ஆண்டின் இறுதியில். கொவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் உருவான இவற்றுக்கு, பீற்றர்பரோ நகரத்துப் பேர்க்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று உருளை டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. 1932இல் நிறுவப்பட்ட பேர்க்கின்ஸ் 1959இல் மசி பேர்கசனுக்குச் சொந்தமாயிற்று. அவ்வியந்திரத்தின் பெயரிலுள்ள 152 எனும் எண் கன அங்குலத்தில் அதன் கொள்ளளவைக் குறிப்பது. அஃது ஏறக்குறைய 2.5 லீற்றர். உழவுக்கு அஃது இருப்பினும் சூடடிப்புக்கும் அதுவே பயன்பட்டது. கடாக்கள் சுற்றிய களவெட்டியில் உப்பட்டிகளின் மேல் இயந்திரம் சுற்றியது. உழவும் சூடடிப்பும் முடிந்தபின் இழுவைப் பெட்டியைப் பூட்டி நெல்லையும் விறகையும் ஏற்றியது; திருவிழாக் காலத்தில் ஆள்களை ஏற்றியது. ஐரோப்பியப் பண்ணைக்காரர் ஒருவர் பல இயந்திரங்களுக்குப் பகிர்ந்தளித்த வேலையைப் படுவான்கரையில் ஒரே இயந்திரம் சுமந்தது.

4

இனி அத்தகட்டைக் கவனிப்போம்.

டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றை முசலம் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நெருக்குகின்றது. நெருக்கத்தால் எழும் வெப்பமே விசிறப்படும் டீசலை எரியச்செய்கின்றது. ஆகவே நெருக்கம் குறையின் இயந்திரம் இல்லை. உருளைகள் அமைந்த அடிக்கட்டைக்கும் அவற்றை மேலிருந்து மூடும் உருளைத் தலைக்கும் இடையில் இருந்து அந்நெருக்கத்தைக் காப்பது கஸ்கற். செம்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைத்துச் செய்யப்பட்டது அதன் பழைய வடிவம். மூன்று பொருள்களை ஒன்றோடொன்று கலவாது அது பிரித்து வைக்கின்றது: எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், உராய்வைக் குறைக்கும் எண்ணெய். அருகருகே ஓடும் இம்மூன்றுக்குமிடையே மெல்லிய வரம்பாக நிற்பது அதுவேயாகும். வயலில் வரம்பு உடைந்தால் என்ன நிகழுமோ அதுவே இங்கும் நிகழ்கின்றது.

கசிவின் அறிகுறிகள் இடத்துக்கேற்ப வேறுபடும். வாயு நீர்வழிக்குள் புகுந்தால் றேடியேற்றரில் குமிழிகள் எழும்; நீர் பொங்கி வழியும். நீர் எண்ணெய்க்குள் புகுந்தால் எண்ணெய் பால்தேநீரின் நிறத்தைப் பெறும். நீர் உருளைக்குள் புகுந்தால் புகைக்குழாயில் வெண்ணிற ஆவி தோன்றும். அடுத்தடுத்த இரு உருளைகளுக்கிடையே தகடு எரிந்துபோனால் இயந்திரம் வலுவிழந்து நொண்டும். அனுபவம் மிக்க திருத்துநர் ஒருவர் தலையைக் கழற்றுமுன்னரே, ஒலியைக் கேட்டும் எண்ணெயை விரலில் தொட்டும், தகடு எவ்விடத்தில் விட்டுள்ளது என்பதை ஊகித்துவிடுவார்.

இக்கசிவுக்கான காரணங்கள் இயந்திரவியலுக்குள் மட்டும் அடங்குவன அல்ல. தகடு எரிவதற்குப் பெரும்பாலும் காரணமாவது மிகைவெப்பம். மிகைவெப்பத்துக்கான காரணங்களை வயலிலே காணலாம். சூடடிக்கும்போது இயந்திரம் தாழ்ந்த கியரில், முன்னோட்டக் காற்றின்றி, வைக்கோற் சுணைக்கும் பதருக்கும் நடுவே மணிக்கணக்கில் சுற்றுகின்றது. விசிறி இழுக்கும் காற்றோடு சுணையும் இழுபட்டு றேடியேற்றரின் துவாரங்களை மூடிவிடுகின்றது. சேற்றுழவில் இரும்புச் சில்லு பூட்டப்பட்ட இயந்திரம் தன் முழு வலுவையும் தொடர்ந்து செலவிடுகின்றது. குறைந்த நீரை நிரப்ப வாய்க்கால் நீரே கையருகில் உள்ளது. அதன் களி உள்ளே படிகின்றது. வாவியோரத்து உவர்நீரைப் பயன்படுத்தினால் துரு விரைகின்றது. இங்கிலாந்தின் குளிர்ந்த பண்ணைகளை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்ட இயந்திரம் மட்டக்களப்புக் களவெட்டியில் வேறோர் இயந்திரமாகிவிடுகின்றது. கைநூலில் எழுதப்பட்ட அதன் ஆயுள் ஒன்று. இம்மண்ணில் அது வாழும் ஆயுள் மற்றொன்று.

5

பழுதுபார்ப்பு என்பது வெறும் உடலுழைப்பு என்றும், அறிவு உற்பத்தியாளனிடமே உள்ளது என்றும் கருதுதல் பொதுவான வழக்கம். இக்கருத்தைச் சோதிக்கத் தகட்டை மாற்றும் வேலைமுறையையே நோக்கலாம்.

முதலில் நீர் வடிக்கப்படும். மேல்மூடி, எரிபொருட் குழாய்கள், வாயுக் குழாய்கள், எரிபொருள் விசிறும் முனைகள் ஆகியன அகற்றப்படும். வால்வுகளை இயக்கும் தள்ளுகோல்கள் வெளியே எடுக்கப்பட்டு, எடுத்த ஒழுங்கிலேயே வைக்கப்படும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய உறுப்புகள் இடம்மாறினால் புதிய தேய்வு தொடங்கிவிடும். தலையைப் பிணைக்கும் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றுதல் கூடாது. ஓரத்திலிருந்து நடுநோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் வார்ப்பிரும்பு கோணும். வார்ப்பிரும்புத் தலை பாரமானது. அதனை நேராகத் தூக்க இருவர் வேண்டும்.

தூக்கியதும் பழைய தகடே சாட்சியாகின்றது. கருகிய கோடு எவ்விடத்திற் செல்கின்றதோ அவ்விடத்தினூடாகவே வாயு சென்றுள்ளது. ஆயின் தகட்டை மட்டும் மாற்றுவது வேலையன்று. தகடு ஏன் விட்டது என்பதைக் காண்பதே வேலையாகும். நேர்விளிம்புள்ள உருக்குக் கோலைத் தலையின் மேல் பல திசைகளில் வைத்து, அதன்கீழ் அளவுத்தகடுகளைச் செலுத்திக் கோணலை அறிவர். கோணல் மிகையாயின் நகரத்துக் கடைசல் பட்டறையில் முகத்தைச் சீவ வேண்டும். எவ்வளவு சீவலாம் என்பதற்கும் எல்லையுண்டு. மிகையாகச் சீவினால் விசிறும் முனைகள் முசலத்தை நெருங்கிவிடும். வால்வு இருக்கைகளுக்கிடையே மயிரிழை வெடிப்புகள் உள்ளனவா எனவும் பார்க்கப்படும். பின்னர் புதிய தகடு வைக்கப்பட்டு, நட்டுகள் இம்முறை நடுவிலிருந்து ஓரம்நோக்கிப் பல சுற்றுகளில் குறித்த முறுக்குவிசைக்கு இறுக்கப்படும். வால்வு இடைவெளி சீராக்கப்படும். இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கியபின் மீண்டும் ஒருமுறை நட்டுகள் சரிபார்க்கப்படும்.

கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு, பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு எனும் இவ்விதியின் பின்னால் உலோகத்தின் தகைப்பும் விரிவும் பற்றிய கோட்பாடு உள்ளது. அதனைச் சமன்பாடாக எழுதத் தெரியாதவனும் அதனைக் கையால் அறிந்திருக்கின்றான். முறுக்குவிசை அளக்கும் சாவி இல்லாதவிடத்துச் சாவியின் நீளத்தையும் தன் தோளின் பாரத்தையும் அளவாகக் கொள்கின்றான். மேடுபள்ளம் காணும் நீலச்சாயம் இல்லாதவிடத்து விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்துப் பூசுகின்றான். சீவும் இயந்திரம் இல்லாதவிடத்துத் தடித்த கண்ணாடியின் மேல் எமரித் தாளைப் பரப்பிப் பொறுமையோடு தேய்க்கின்றான். கைத்தொழிலாளியின் இவ்வறிவு எழுதப்படாமையால் அஃது அறிவன்று எனக் கொள்ளப்பட்டது. எழுதும் உரிமை யாரிடம் இருந்தது எனும் வினாவை இங்கு தவிர்க்க இயலாது.

6

இத்தகட்டின் வரலாற்றில் மூன்று தட்டுப்பாட்டுக் காலங்கள் உள்ளன. மூன்றிலும் பொருள் ஒன்றே, காரணங்கள் வேறு.

முதலாவது, 1970 முதல் 1977 வரையான காலம். அந்நியச் செலாவணி நெருக்கடியும் 1973இன் எண்ணெய் விலையேற்றமும் ஒருபுறம். உள்நாட்டு உற்பத்தியை வளர்த்தல் எனும் ஐக்கிய முன்னணி அரசின் கொள்கை மறுபுறம். இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர் உச்சவரம்பை விதித்ததும் இக்காலத்திலேயாகும். நிலத்துக்கு உச்சவரம்பு விதித்த அரசு இயந்திரத்தின் உரிமையைத் தொடவில்லை. இயந்திரம் வைத்திருந்தவர், நிலமிருந்தும் இயந்திரமில்லாத சிறு விவசாயியிடமிருந்து உழவுக்கூலியாகவும் சூடடிப்புக்கு நெல்லாகவும் பெற்றார். உதிரிப்பாகம் அரிதாக அரிதாக, ஓடும் நிலையிலுள்ள இயந்திரத்தின் மதிப்பு உயர்ந்தது. பழைய போடியாரின் அதிகாரம் நிலத்தில் இருந்தது. புதியவரின் அதிகாரம் ஓடும் இயந்திரத்தில் இருந்தது. அதனை ஓடச்செய்தவனோ நாட்கூலி பெற்றான். 1977இன் பின் சந்தை திறக்கப்பட்டது. இந்திய, யப்பானிய இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் வந்தன. 1978 நவம்பர் 23ஆந் திகதிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தபோது, வீழ்ந்த மரங்களையும் கூரைகளையும் இழுத்து வழிதிறக்கும் வேலைக்கும் உழவு இயந்திரங்கள் தேவைப்பட்டன.

இரண்டாவது, போரின் காலம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர்; செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் இராணுவத்தாற் கொல்லப்பட்டனர். இக்கொலைகள் மனித உயிர்களோடு ஒரு பொருளாதார உறவையும் அழித்தன. வயலுக்கும் சந்தைக்கும் இடையே, நெல்லிலும் கால்நடையிலும் கருவியிலும், தமிழ் விவசாயியும் முஸ்லிம் வணிகரும் தலைமுறைகளாகப் பிணைந்திருந்தனர். படுவான்கரையில் காணி வைத்திருந்த முஸ்லிம்கள் பலர் தம் வயலுக்குச் செல்ல இயலாதவராயினர். படுவான்கரைத் தமிழ் விவசாயி நகரத்துக் கடையை இழந்தான்.

1990களின் நடுப்பகுதி முதல் 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செங்கலடியை அடுத்த கறுத்தப் பாலம் இரு ஆட்சிகளுக்கிடையிலான வாயிலாயிற்று. எரிபொருள், பசளை, சீமெந்து, மின்கலம், இரும்பு ஆகியவற்றின் போக்குவரத்து தடைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உட்பட்டது. வடக்கே யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதை பலரறிந்தது. அக்கதையின் கிழக்கு அத்தியாயம் உழவு இயந்திரத்துக்குரியது. புதிய தகடு கிடையாத நிலையில் எங்கும் கையாளப்படும் முறைகள் சில உண்டு. பழைய தகட்டை நிமிர்த்தி, எரிந்த விளிம்பைச் சீர்செய்து, அலுமினியப் பூச்சைப் பூசி மீண்டும் வைத்தல் ஒன்று. தனிச் செம்புத் தகடாயின், உழைப்பில் இறுகிய அதனைச் செந்நிறமாகக் காய்ச்சி மென்மையாக்கிப் பயன்படுத்தல் இன்னொன்று. ஓடாத இயந்திரத்தைப் பிரித்து ஓடும் இயந்திரத்துக்கு உறுப்பளித்தல் மற்றொன்று. இவை நிலையான திருத்தங்கள் அல்ல. ஒரு போகம் கடந்தால் போதும் எனும் கணக்கில் செய்யப்படுவன. ஆனால் அந்த ஒரு போகமே ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு.

2002 பெப்ரவரி 22ஆந் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கை இத்தடைகளைத் தளர்த்தியது. எனினும் கிழக்கில் எரிபொருளும் சீமெந்தும் இரும்புக் கம்பியும் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து முற்றாக நீங்கவில்லை. 2007இன் முற்பகுதியில் போர் மீண்டும் படுவான்கரையை அடைந்தபோது பல்லாயிரக்கணக்கான மக்கள் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தனர். இழுவைப் பெட்டிகளில் நெல்லுக்குப் பதிலாக முதியோரும் பிள்ளைகளும் பாத்திரங்களும் ஏற்றப்பட்டனர். அவ்வேளையில் ஓடிய இயந்திரத்தின் மதிப்பை எந்த விவசாயப் புள்ளிவிவரமும் கணக்கிடாது.

மூன்றாவது தட்டுப்பாடு அண்மைக் காலத்தது. 2020இல் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாத நிலையை அறிவித்தது. டீசலுக்கு விவசாயி வரிசையில் நின்றான். முதலாவது தட்டுப்பாட்டை வகுத்தது கொள்கை. இரண்டாவதை வகுத்தது போர். மூன்றாவதை வகுத்தது கடன். இவற்றுள் எதுவும் வானத்திலிருந்து விழுந்ததன்று. எதனையும் வயற்காரன் தீர்மானிக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் அதன் பாரம் வந்து இறங்கியது விதைப்புக் காலத்து வயலிலேயாகும்.

7

மேற்கூறியவற்றைக் கொண்டு பழுதுபார்ப்பைக் காவியப்படுத்துவது பிறிதொரு தவறாகும். வறுமையிற் பிறந்த திறமையை வியந்துவிட்டு வறுமையை மறப்பது அறிவாளருக்கு எளிது. அத்திறமையைக் கொண்டு வாழ்வோருக்கு அஃது எவ்வகையிலும் உதவாது.

முதலாவதாக, திருத்தப்பட்ட இயந்திரத்தின் பலன் யாரைச் சேர்ந்தது என்பதைக் கேட்டல் வேண்டும். தகடு எரிந்தால் பழி பெரும்பாலும் சாரதியின் மீதே விழுகின்றது: அவன் தண்ணீர் பார்க்கவில்லை என்பர். பல ஆண்டுகளாக றேடியேற்றரில் படிந்த களியும், மாற்றப்படாத விசிறிப்பட்டியும், கூலியை மிகுவிக்க இரவு பகலாக ஓட்டப்பட்டமையும் பேசப்படுவதில்லை. உரிமையாளரின் சிக்கனம் தொழிலாளியின் கவனக்குறைவாகப் பெயர்மாறுகின்றது.

இரண்டாவதாக, கல்நார் பற்றியது. பழைய தகட்டின் எச்சங்களைக் கம்பித்தூரிகையால் உரசி, வாயால் ஊதித் துப்புரவு செய்தல் பட்டறைகளில் கண்கூடான காட்சி. அவ்வாறு எழும் தூசியிலுள்ள கல்நார் இழைகள் நுரையீரலிற் படிந்து பல பத்தாண்டுகளின் பின் நோயாக வெளிப்படக்கூடியன. அனைத்து வகைக் கல்நாரும் புற்றுநோயை விளைவிக்கும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எழுத்தில் ஊழியராகப் பதியப்படாத பட்டறைத் தொழிலாளி நோயுறுமிடத்து, அந்நோயைத் தொழிலோடு தொடர்புபடுத்தி நட்டஈடு கோருவதற்கு வழியேதுமில்லை. ஓர் இயந்திரத்தின் ஆயுளை நீட்டியவன் தன் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவதாக, அறிவின் உரிமை பற்றியது. பழைய மசி பேர்கசனைச் சாவியும் பொறுமையும் உள்ள எவரும் திறக்கலாம். இன்றைய புதிய இயந்திரங்கள் பலவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு நுழைந்துள்ளது. உற்பத்தியாளரின் மென்பொருளின்றிப் பழுதை அறியவே முடியாத நிலை சில நாடுகளில் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாயி தன் இயந்திரத்தைத் தானே திருத்தும் உரிமையை உறுதிசெய்ய 2023இல் தனிச்சட்டமொன்றை இயற்ற வேண்டியதாயிற்று. செல்வந்த நாட்டு விவசாயி நீதியாகக் கோரும் அவ்வுரிமை, படுவான்கரையில் சட்டமின்றியே நடைமுறையில் இருந்து வந்தது. பழைய இயந்திரத்தோடு அதுவும் போய்விடுமா என்பது இன்று எழுந்துள்ள வினா.

8

கரடியனாற்றில் விவசாயத் திணைக்களத்தின் பண்ணையும் பயிற்சி நிலையமும் அமைந்துள்ளன. நெல்லினங்கள், பசளை, பூச்சிக் கட்டுப்பாடு ஆகியன பற்றிய அறிவு அத்தகைய நிலையங்கள் ஊடாக விவசாயியை அடைகின்றது. பழுதுபார்ப்பின் அறிவு எதிர்த்திசையிற் செல்ல வேண்டியது. அது வயலிலும் பட்டறையிலும் உள்ளது; நிலையங்களும் பல்கலைக்கழகங்களுமே அதனைக் கற்க வேண்டும். பட்டறைகளிற் புழங்கும் சொற்களைத் தொகுத்தல், மூத்த திருத்துநர்களின் அனுபவங்களை அவர்தம் வாய்மொழியிலேயே பதிவுசெய்தல், தட்டுப்பாட்டுக் காலங்களில் அவர்கள் கண்ட மாற்றுமுறைகளையும் அவற்றின் தோல்விகளையும் ஒழுங்குபட எழுதுதல் ஆகியன உடனடியாகச் செய்யப்படத்தக்கன. பொலிப் பாடலைச் சேகரித்த தலைமுறை, கடாக்கள் களவெட்டியை விட்டு நீங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அப்பணியைத் தொடங்கியது. இன்று அறுவடை இயந்திரங்கள் அறுப்பையும் சூடடிப்பையும் ஒருங்கே முடித்துவிடுகின்றன. உழவு இயந்திரமும் களவெட்டியிலிருந்து நீங்கிவிட்டது. நாமும் பிந்தியே வந்துள்ளோம். ஆனால் மிகவும் பிந்திவிடவில்லை.

உற்பத்திச் சக்திகள் எனும்போது கருவிகளையும் இயந்திரங்களையும் எண்ணிக் கணக்கிடுகிறோம். அவ்வியந்திரங்களை ஆண்டுதோறும் மீள உயிர்ப்பிக்கும் உழைப்பும் அவற்றுள் அடங்கும் என்பதையே இக்கட்டுரை வற்புறுத்த விழைகின்றது. பெரும்போகத்தின் முதல் மழை விழுந்தபின் நிலம் எவருக்காகவும் காத்திராது. அந்நேரத்தில், கசிந்த தகட்டை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்துக் கருகிய கோட்டைத் தேடும் ஒருவரின் கையில் ஒரு வட்டையின் விளைவு தங்கியிருக்கின்றது. விளைவைக் கணக்கிட்ட ஆவணங்களில் அக்கைக்குரியவரின் பெயர் இல்லை. அப்பெயரைச் சேர்ப்பது வரலாற்று மாணவனின் கடமையாகும்.